பந்தயம் தள்ளிப்போன வருஷம்

1967 ஜூலை 11, செவ்வாய்

நாள் முழுக்க மழை. மூன்றாம் வகுப்பில் நாற்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். இரண்டு வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்தேன்.

புதிதாக வந்திருக்கும் டீச்சர் இடைவேளையில் கேட்டாள்: “உங்க வீட்டுக்காரர் சீமையில ரேஸ் கார் ஓட்டுறாராமே?”

“ஓட்டுறவர் இல்ல. ஓட்டுறவங்க உடைச்சுட்டு வர்றத சரி பண்றவர்” என்றேன். சிரித்தாள். குர்லா பட்டறையில் லாரி கியர் பாக்ஸ் பிரித்துக்கொண்டிருந்த மனிதரை ஜூஹுவில் பந்தயம் ஓட்டிய பென்ரோஸ் துரை கண்டுபிடித்ததையும், துரை ஊருக்குப் போய்ப் பந்தயக் குழு ஆரம்பித்து “ஒரு வருஷத்துக்கு வா” என்று கூப்பிட்டதையும், அந்த ஒரு வருஷம் மூன்றாகிவிட்டதையும் அவளிடம் சொல்லவில்லை. கல்யாணமாகி ஐந்து வருஷம். சேர்ந்திருந்தது இரண்டு.

வீட்டுக்கு வந்தால் அவர் கடிதம். மாமா அதைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் தோல் பட்டறையில் உழைத்தவர், எழுத்து தெரியாது. என்னைக் குடையை மடக்கக்கூட விடவில்லை.

“தேதி போட்டிருக்கானா?”

என் மாமனார் பிச்சையா மகனைப் பற்றிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

போட்டிருந்தார். இந்த மாதம் முப்பதில் இங்கிலாந்திலேயே ஒரு ஆறு மணி நேரப் பந்தயம். அதோடு இந்த வருஷத்து ஓட்டம் முடிகிறது. அக்டோபர் முதல் வாரம் சுட்டி. சீமைக்குப் போயும் லீவுக்குச் சுட்டி என்றுதான் எழுதுகிறார், பம்பாய்க்காரர்.

மாமா விரல்விட்டு எண்ணினார். “எம்பது நாளு” என்றார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

வரமாட்டார்.

இரண்டு முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன். அடுத்த வருஷத்திலிருந்து பந்தயக் கார்களின் எஞ்சின் மூன்று லிட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று பாரிஸில் இருக்கும் பெரியவர்கள் சட்டம் போட்டுவிட்டார்கள். இவர்கள் குழு ஓட்டுவது கிரெஸ்வெல் கம்பெனிக் கார். அதன் எஞ்சின் பெரிது. சின்ன எஞ்சின் செய்யக் கட்டுப்படியாகாது என்று கிரெஸ்வெல் பந்தயப் பிரிவையே மூடிவிட்டது. துரை இப்போது டெம்பிள்டன் என்ற வேறு கம்பெனிக் காருக்கு மாறுகிறார். “அந்த கியர் பாக்ஸே வேற ஜாதி, மயிலு. குளிர்காலம் பூரா அதோட உக்காந்தாத்தான் பிடிபடும். ஜூன் மாசம் பிரான்ஸில் இருபத்துநாலு மணி நேரப் பந்தயம் முடிந்ததும் கண்டிப்பாக வருவேன்.”

பாரிஸில் யாரோ ஒருவர் ஒரு காகிதத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதுகிறார். தாராவியில் ஒரு ரூமில் தீபாவளி இல்லாமல் போகிறது. யாரிடம் சொல்ல?

மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். “கார மாத்துனா மாத்திட்டுப் போறான். ஆள ஏன் பிடிச்சு வைக்கான்?” என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 4, புதன்

இன்று வந்திருக்க வேண்டும். வராதவருக்காகப் பள்ளியில் லீவு கேட்டிருந்ததை ரத்து செய்ய மறந்துபோனேன். வீட்டில் சும்மா இருந்தேன்.

டிசம்பர் 11, திங்கள்

விடியுமுன் பூமி ஆடியது. பாத்திரங்கள் விழுந்த சத்தத்தில் எழுந்தேன். மாமா கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டைத் தாங்குகிறாரா, தன்னைத் தாங்குகிறாரா தெரியவில்லை. எல்லோரும் சந்தில் வந்து நின்றோம். பக்கத்து வீட்டுச் சாயிரா தன் இரண்டு பெண்களையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் உதுமான் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை. ஆண் இல்லாத இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து மாமா ஒருவர்தான்.

ஆட்டம் நின்று வெகுநேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்: “தளவாய் இருக்க ஊருலயும் ஆடியிருக்குமா தாயி?”

“அங்க ஆடாது மாமா.”

கொய்னா பக்கம் நிறையச் சாவு என்று மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள்.

1968 பிப்ரவரி 19, திங்கள்

அமெரிக்காவிலிருந்து ஒரு படக்கார்டு. நீலக் கடல், மணலில் வரிசையாகக் கார்கள். டேடோனா என்ற ஊர். இருபத்துநாலு மணி நேரத்தில் பத்தொன்பது மணி ஓடிப் புது கியர் பாக்ஸ் நின்றுவிட்டதாம். “மூணாவது பல்லுச் சக்கரம். எங்க தப்புன்னு கண்டுபிடிச்சுட்டேன். பந்தயத்துல கார் நமக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கதான் முகம் காட்டும். வந்து நிக்கும், பெட்ரோல் ஊத்துவாங்க, போயிரும். மத்த நேரமெல்லாம் டயர் மேல உக்காந்து சத்தத்தைக் கேட்டுட்டே இருப்பேன். நம்ம கார் சத்தம் மட்டும் தனியாக் கேக்கும்.”

கார்டில் இவ்வளவு எழுத இடம் எப்படிக் கிடைத்தது? என்னைப் பற்றி ஒரு வரி எழுதத்தான் இடம் இல்லை.

பொறாமைதான். ஒரு வண்டியின் மேல்.

ஏப்ரல் 30, செவ்வாய்

உதுமான் அண்ணன் வந்துவிட்டார். சூயஸ் கால்வாய் மூடிவிட்டதால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்த கப்பல், ஆனாலும் சொன்ன மாதம் சொன்னபடி வந்துவிட்டது. நாலு மாதம் இருப்பாராம். சாயிரா காலையிலிருந்து கோழி, தேங்காய் என்று ஓடுகிறாள். எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். கண்ணில் மை. நான் அதைப் பார்த்ததைக் கவனித்துவிட்டாள்.

“ஏளா, ஜூன்ல நீயும் வச்சுக்கிடுவ” என்றாள்.

அவள் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். இருபத்தெட்டு வயது. காதோரம் ஒரு நரை. பிடுங்கவில்லை.

மே 27, திங்கள்

கோடை விடுமுறை. ரூமுக்கு வெள்ளை அடித்தேன். மாமாவின் கட்டிலை வெளியே போட்டுக் கயிறு மாற்றிக் கட்டவைத்தேன். பந்தயம் ஜூன் பதினைந்து, பதினாறு. மாதக் கடைசிக்குள் இங்கே இருப்பார். பேப்பரில் பிரான்ஸில் மாணவர்களும் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை, பெட்ரோல் கிடைக்கவில்லை என்று போட்டிருந்தது. பரணில் விரிக்கும்போதுதான் படித்தேன்.

ஜூன் 8, சனி

செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஜூன் இல்லையாம், செப்டம்பர் இருபத்தெட்டாம். வேலைநிறுத்தத்தில் நாடே நிற்கிறது, பந்தயம் எப்படி நடத்துவது என்று மூன்றரை மாதம் தள்ளிவைத்துவிட்டார்கள். நடுவில் அமெரிக்காவில் ஒன்று, ஆஸ்திரியாவில் ஒன்று. அவரை விட்டால் அந்த கியர் பாக்ஸை அறிந்த ஆள் இல்லை. “நீதான் அப்பாவுக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.”

பக்குவமா. என்ன பக்குவம். நான் என்ன கல்லா, வருஷத்துக்கு ஒருக்க ஒரு காயிதத்தப் போட்டு இன்னும் மூணு மாசம், இன்னும் மூணு மாசம்னு சொல்லிட்டே இருந்தா கேட்டுக்கிட்டே இருக்க? வெள்ளை அடிச்சேனே. வெள்ளை அடிச்சேனே நான்—

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்: “தேதி போட்டிருக்கானா?”

“போடல மாமா. வேலை ஜாஸ்தியாம். அடுத்த கடிதத்துல போடுதேன்னு எழுதியிருக்காவ.”

முதல்முறையாக அவரிடம் பொய் சொன்னேன். தலையாட்டினார். கயிறு மாற்றிய கட்டில் அவர் அசையும்போதெல்லாம் முனகியது.

ஜூலை 21, ஞாயிறு

மாமாவுக்கு இருமல். மழைக்கு வருவதுதான் என்கிறார். கடிதம் வந்தால் இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை. நான் படிப்பதை மட்டும் கேட்டுக்கொள்கிறார். கேட்டுவிட்டால் தேவலை.

ஆகஸ்ட் 19, திங்கள்

மூச்சு இழுக்கிறது. உதுமான் அண்ணன் டாக்சி பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நுரையீரலில் நீர். பட்டறையில் சுவாசித்த சுண்ணாம்பும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். சீமைக்குத் தந்தி கொடுத்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மாமா காலை பத்தேகாலுக்கு இறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 31, சனி

கொள்ளி வைத்தது என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் இசக்கிப்பாண்டி. ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்திருந்தான். மாமியார் இறந்தபோதும் இவன்தான் கூட நின்று எல்லாம் செய்தானாம். நான் கல்யாணமாகி வருவதற்கு முந்தைய கதை அது.

தந்தி போன சமயம் அவர் ஆஸ்திரியாவில் இருந்திருக்கிறார். கையில் கிடைத்தது காரியமெல்லாம் ஆன பிறகு. பதில் தந்தியில் இரண்டு சொல்தான்: மன்னித்துக்கொள். வருகிறேன். எப்போது என்று இல்லை.

இன்று சாயிரா அரிசி புடைத்துக் கொடுக்க வந்தவள் ஏதோ சொல்ல வந்து தயங்கினாள். பிறகு சொன்னாள். ஜூன் மாதம் நான் பள்ளிக்குப் போயிருந்தபோது மாமா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் உதுமான் அண்ணனிடம் படிக்கச் சொன்னாராம்.

“அப்ப மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். செப்டம்பர்னு கேட்டதும் காயிதத்த மடிச்சு வாங்கிக்கிட்டாவ. பொறவு, ‘மயிலுகிட்ட சொல்லிராதிய. அந்தப் பிள்ள எனக்காவத்தான் சொல்லாம வச்சிருக்கு’ன்னுட்டுப் போயிட்டாவ.”

இரண்டரை மாதம். ஒரே ரூமில் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி சோறு சாப்பிட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்று மாலையிலிருந்து அங்கே பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கார் ஆறாவது மணியில் உடைந்தால் என்ன, கடைசிவரை ஓடினால் என்ன? உடைய வேண்டும் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று நினைத்தேன். இத்தனைக்கும் பிறகு அதுவாவது முழுசாக ஓடட்டும்.

அக்டோபர் 9, புதன்

வந்துவிட்டார்.

சாந்தாகுருஸ் விமான நிலையத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற மனிதரை அடையாளம் தெரியவில்லை. நிறம் வெளுத்து, முன்மண்டையில் வழுக்கை ஏறி, பெரிய கோட்டு. அவரும் என்னைத் தேடி என்னைத் தாண்டிப் பார்த்தார். நாலு வருஷம் நினைத்து வைத்திருந்த ஒரு பேச்சும் வரவில்லை. “பஸ்ஸா, டாக்சியா?” என்று கேட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே மாமாவின் கட்டிலருகே போனார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

கார் கடைசிவரை ஓடியதாம். பதிமூன்றாவது இடம். நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

நவம்பர் 17, ஞாயிறு

திரும்பப் போவதில்லை என்று ஆள்வைத்து துரைக்கு எழுதிவிட்டார். குர்லாவில் பழைய பட்டறையிலேயே வேலை. டாக்சிகள், லாரிகள். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்துவிடுகிறார். இருவரும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நடந்து போய் முருங்கைக்காய் வாங்கிவந்தோம். வழியெல்லாம் என் கையிலிருந்த பையைத் தாம் வாங்கிச் சுமந்தார்.

இதற்குத்தானே ஏங்கினேன். சந்தோஷமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன்: சந்தோஷமாக இருக்கிறது.

1969 பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் எழுந்ததிலிருந்து அவர் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பேப்பரை விரித்தார், மடித்தார். மாகிம் கழிமுகம் வரை போய்விட்டு வந்தார். பத்தரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரைக்கு மறுபடி. சோற்றைப் பிசைந்துகொண்டே பன்னிரண்டரைக்கு. நான் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

“என்ன நேரம் பாக்கீய?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லுங்க.”

“டேடோனா. நம்ம நேரத்துக்கு இன்னைக்கு நாள் பூரா ஓடும்.” கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இப்ப பதினோரு மணி நேரம் ஓடியிருக்கும். பிரேக் பேடு மாத்துவானுவ. மூணாவது பல்லுச் சக்கரத்த நான் சொன்ன மாதிரி செஞ்சானுவளோ என்னவோ.”

பிறகு தூங்கப்போவதாகச் சொல்லி மாமாவின் கட்டிலில் படுத்தார். தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். சந்தில் குழாயடிச் சண்டை, ஹார்பர் லைனில் ரயில். அவர் கேட்டது இதையெல்லாம் அல்ல.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். நாலு வருஷம் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

அண்ணா போன துக்கத்தில் மூன்றாம் தேதி தாராவியே அடைத்துக் கிடந்தது. அது ஆறுவதற்குள் பம்பாயில் மதராஸிகளுக்கு எதிராகக் கலவரம். நம்மவர்களின் கடைகளைத் தேடித்தேடி அடித்தார்கள். ஒரு வாரம் பள்ளி இல்லை. அவரும் வேலைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம்.

இன்று பள்ளி திறந்தது. திரும்பும் வழியில் தபாலாபீஸுக்குப் போய், நாலு முறை எழுதிக் கிழித்த கடிதத்தைப் போட்டுவிட்டேன். பென்ரோஸ் துரைக்கு. அகராதியைப் பக்கத்தில் வைத்து எழுதிய என் இங்கிலீஷ். ‘என் கணவருக்குப் பதில் வேறு ஆள் வந்துவிட்டாரா? இல்லையென்றால், இந்த முறை நானும் வரலாமா?’

அவரிடம் சொல்லவில்லை. இது பொய்யா? தெரியவில்லை. முன்பு சொன்ன பொய்யைவிட இது லேசாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. அவர் வேலைவிட்டு வந்து டீ குடிக்கும்வரை பொறுத்திருந்து, தமிழில் படித்துக் காட்டினேன். டெம்பிள்டனும் போய்விட்டதாம், இந்த வருஷம் துரை ஆல்டர்சன் என்ற கம்பெனிக் காரோடு சேர்ந்திருக்கிறார். புது கியர் பாக்ஸ், எல்லோரும் முதலிலிருந்து கற்க வேண்டும். தளவாய் இருந்தால் நன்றாக இருக்கும். பட்டறைக்கு மேலே இரண்டு அறை காலியாக இருக்கிறது. மனைவியும் வரலாம். ஏப்ரலுக்குள்.

“நீயா எழுதுன?”

“ஆமா.”

“யாரக் கேட்டு எழுதுன?”

“யாரையும் கேக்கல.”

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து வாசற்படியிலேயே நின்றார்.

“அப்பன் சாவுக்கு வராத பய நான். அந்தச் சோலிக்கே திரும்பிப் போவச் சொல்லுதியாட்டி?”

எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஜூன் கடிதத்தில் இருந்த தேதியை மறைத்ததை. மாமா அதைத் தெரிந்துகொண்டும் என்னை ஒரு வார்த்தை கேட்காததை. “நீங்க மட்டும் செஞ்சது இல்ல. நானும் செஞ்சேன். மாமா ரெண்டு பேரையும் பொறுத்துக்கிட்டாவ. நீங்க ஏன் உங்கள மட்டும் இந்தக் கட்டில்ல கட்டிப் போடுதீய?”

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். நானும் அழுதேன். சாயிரா எட்டிப்பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் எங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அவர் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்து, படிக்கத் தெரியாத இங்கிலீஷை மேலும் கீழும் பார்த்தார்.

“புது கியர் பாக்ஸ் எத்தன ஸ்பீடுன்னு போட்டிருக்காரா?”

ஏப்ரல் 12, சனி

பாஸ்போர்ட் வந்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் வாங்கி வைத்துக்கொண்டு, “அங்க போய் என்னம்மா பண்ணுவ?” என்றார். தெரியவில்லை என்றேன். வகுப்பில் இன்று ஏழாம் வாய்ப்பாடு. ஒரு பிள்ளையும் தப்பில்லாமல் சொல்லவில்லை. கோபம் வரவில்லை.

சாயிரா என் காதோரத்துக்கு மருதாணி அரைத்து வைத்திருக்கிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. உதுமான் அண்ணன் இப்போது எந்தக் கடலில் இருக்கிறார் என்று கேட்டேன். “தெரியல. நவம்பர்ல வருவாவ” என்றாள். நவம்பரில் நான் இருக்கமாட்டேன் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

ஜூன் 19, வியாழன். நார்தாம்ப்டன்

மேல் அறை ஜன்னலில் நின்றால் பட்டறையின் பின்பக்கத் தகரக் கூரை தெரிகிறது. ஜூன் மாதத்தில் கம்பளிச் சட்டை போட்டிருக்கிறேன். கடைக்காரி நான் சொல்லும் ‘ஆனியன்’ புரியாமல் கையால் காட்டச் சொல்கிறாள்.

பிரான்ஸிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்தார்கள். கார் பதினாலாவது மணியில் நின்றுவிட்டது. கியர் பாக்ஸ் இல்லை, வேறு ஏதோ. அதனால் அவர் முகம் தெளிவாகத்தான் இருக்கிறது.

இன்று சரியாக ஆறு மணிக்கு மாடிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு ஆயிற்று. ஆறேகால். ஆறரை. கீழே பேச்சுச் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆறே முக்காலுக்குத்தான் கையெல்லாம் எண்ணெயோடு ஏறிவந்தார்.

நன்றாகச் சண்டை போட்டேன். ஆறு மணி என்றால் ஆறு மணி இல்லையா, சோறு ஆறிப்போனது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று, தாராவிச் சந்தில் நின்று கத்துவது போலக் கத்தினேன். அவர் எண்ணெய்க் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, எதையும் தொடாமல், வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சுடவைத்துத் தரமாட்டேன் என்றேன். பிறகு சுடவைத்துக் கொடுத்தேன்.